ரெக்கார்டு நோட்டை மூடிவிட்டு மரத்தடிக்கு வாருங்கள்

மதுரை வட்டாரத்தில் தாவரவியல் படிப்போருக்கும் கற்பிப்போருக்கும் ஒரு திறந்த மடல்



உங்கள் ரெக்கார்டு நோட்டில் இருக்கும் படங்களில் பாதியை நீங்கள் வரையவில்லை. இது உங்களுக்கும் தெரியும், கையெழுத்துப் போடுகிற ஆசிரியருக்கும் தெரியும், செய்முறைத் தேர்வுக்கு வருகிற வெளித்தேர்வாளருக்கும் தெரியும். பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி வரைந்து கொடுக்க ஆள் இருக்கிறார்கள். காசு செலவழிக்க மனமில்லாதவர்கள் சீனியரின் நோட்டைக் கண்ணாடிமேல் வைத்து, அடியில் விளக்கைப் போட்டு நகலெடுக்கிறீர்கள். அந்தச் சீனியர் யாருடையதைப் பார்த்து நகலெடுத்தாரோ! ஊமத்தம்பூவின் நெடுக்குவெட்டு இப்படியே கைமாறி வந்து, எப்போதோ யாரோ செய்த பிழையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு இன்றும் முழு மதிப்பெண் வாங்குகிறது. ஊமத்தையோ கல்லூரிச் சுற்றுச்சுவருக்கு வெளியே பூத்துக் கிடக்கிறது.

இதே பாடத்தை இந்த ஊரில் நெடுங்காலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. உங்களில் பலர் விரும்பி இந்தத் துறைக்கு வந்தவர்கள் அல்லர் என்பதும் தெரியும். நீட் எழுதிப் பார்த்தீர்கள், வேறு பாடங்களுக்கு விண்ணப்பித்துப் பார்த்தீர்கள், கடைசியில் கிடைத்த இடத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். ‘பாட்டனி’ என்றதும் உறவினர் வீடுகளில் அடுத்த கேள்வி எழுவதில்லை. என் ஆற்றாமை வேறு. நீங்கள் சேர்ந்திருப்பது எவ்வளவு பெரிய குடும்பத்தில் என்று உங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் குடும்பம் பென்சிலும் தூரிகையும் பிடித்து வளர்ந்தது. அதில் ஒரு கிளை நம் தலைமாட்டிலேயே இருந்தது.

மாட்டுத்தாவணியோ ஆரப்பாளையமோ, கொடைக்கானல் பேருந்து கிடைக்கிற இடத்தில் ஏறுங்கள். வத்தலக்குண்டு தாண்டி மலையேறினால் நான்கு மணி நேரத்துக்குள் செண்பகனூர் வந்துவிடும். அங்கே 1895இல் இயேசு சபையார் தொடங்கிய திருஇருதயக் கல்லூரி இருக்கிறது. அவர்களுடைய மதுரை மிஷனைச் சேர்ந்தது அது. குருத்துவப் பயிற்சிக்கு வந்த இளைஞர்களுக்கு இறையியலோடு பூச்சியும் பாம்பும் செடியும் பாடமாக இருந்த இடம். அங்கே வாழ்ந்த லூயி ஆங்லேட் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் பழனி மலையின் செடிகொடிகளையும் மரங்களையும் ஒவ்வொன்றாகப் பறித்து வந்து நீர்வண்ணத்தில் தீட்டினார். ஏறத்தாழ 2,000 படங்கள். யாரும் மதிப்பெண் போடவில்லை. மலையில் எந்தப் பூ எந்த வாரம் மலரும் என்று காத்திருந்து, மலர்ந்த பூ வாடுவதற்குள் வண்ணம் குழைத்தாக வேண்டிய வேலை அது. ஓர் ஆண்டு தவறினால் அடுத்த ஆண்டுதான். குறிஞ்சியாக இருந்தால் பன்னிரண்டு ஆண்டு. இதில் 2,000 என்ற எண்ணைக் கொஞ்சம் நிதானமாக நினைத்துப் பாருங்கள்.

அவருடைய பெயரைச் செண்பகனூரில் ஓர் இயற்கை வரலாற்று நிறுவனத்துக்குச் சூட்டியவர் கே. எம். மேத்யூ. இந்தப் பெயரையாவது உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். செடியை இனங்காணத் துறை நூலகத்தில் நீங்கள் புரட்டுகிற, அல்லது புரட்ட வேண்டிய, தடித்த புத்தகங்கள் அவருடையவை. 1930இல் கேரளத்தில் பிறந்த இவரும் இயேசு சபைத் துறவிதான். திருச்சி புனித வளனார் கல்லூரியில் 1967இல் ராபினாட் ஹெர்பேரியத்தை நிறுவினார். தமிழ்நாட்டுக் கர்நாடகச் சமவெளியின் தாவரங்களைப் பற்றிய அவருடைய நூல் தொகுதிகள் 1981 முதல் 1983 வரை வெளிவந்தன. பழனி மலைத் தாவரங்களின் விளக்கப்பட நூல் 1996இல் வந்தது, விளக்கவுரை 1999இல் வந்தது. 2004இல் காலமானார். ஒரு மனிதரின் வாழ்நாள் இப்படித்தான் கழிந்தது: மாணவர்களைக் கூட்டிக்கொண்டு காடு மேடெல்லாம் நடப்பது, கொண்டுவந்ததை அழுத்திக் காயவைப்பது, தாளில் ஒட்டுவது, படம் வரையச் செய்வது, படத்தையும் செடியையும் மறுபடி ஒப்பிட்டுச் சரிபார்ப்பது.

அந்தத் தொகுதிகளில் படங்களுக்கென்றே தனிப் புத்தகம் இருப்பதைக் கவனித்தீர்களா? விவரிப்பு வருவதற்கு முன்பே 1982இல் படத்தொகுதி வந்துவிட்டது. எழுத்தில் ‘இலைக்காம்பு குட்டையானது’ என்று ஒப்பேற்றிவிடலாம். கோட்டில் அது முடியாது. காம்பு எவ்வளவு குட்டை, எங்கே மடிகிறது, தண்டோடு எந்தக் கோணத்தில் சேர்கிறது என்று முடிவெடுத்தால்தான் பென்சில் நகரும். முடிவெடுக்கச் செடியைத் திரும்பப் பார்க்க வேண்டும். மேத்யூவின் படைக்குப் படம் ஒரு சோதனையாகவே இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

இன்னும் பின்னே போனால் ராபர்ட் வைட். மருத்துவராகக் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு வந்தவர். நீட்டுக்குப் பிறகு இந்தத் துறைக்கு வந்த உங்களுக்கு இது கொஞ்சம் ஆறுதலாக இருக்கட்டும். 1836இல் பழனி மலையேறினார். அவருடைய ‘ஐகோன்ஸ்’ நூல் வரிசை 1838 முதல் 1853 வரை வெளிவந்தது. மொத்தம் 2,101 படங்கள். கல்லச்சு முறையைத் தானே கற்றுக்கொண்டு அச்சிட்டார். ஆனால் அந்தப் படங்களை வரைந்த கைகள் வைட்டுடையவை அல்ல. முதலில் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. தென்னாட்டு ஓவியர்கள். பூவைப் பிரித்து மகரந்தத்தாள்களைத் தனித்தனியே காட்டும் ஐரோப்பிய முறையைக் கற்று, நம் ஊர் ஓவியனின் கோட்டுச் சுத்தத்தோடு வரைந்தார்கள். அவர்களுடைய மூலப் படங்கள் இன்று எடின்பரோவிலும் கியூவிலும் பாதுகாப்பாக இருக்கின்றன. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் ‘கோவிந்தூயா’ என்று பெயரிட்டார். பிற்காலத்தில் அந்தப் பேரினம் வேறொன்றோடு சேர்க்கப்பட்டு அந்தப் பெயர் வழக்கொழிந்தது. நம் வகுப்பறைகளில் வைட்டின் பெயர் மட்டும் அவ்வப்போது வருகிறது. ஊர்க்காரர்கள் இருவரையும் நாமாவது சொல்ல வேண்டாமா?

“சார், இப்போதுதான் போன் இருக்கிறதே” என்பீர்கள். சொல்லுங்கள், கேட்கிறேன். கூகுள் லென்ஸைக் காட்டினால் பெயர் வந்துவிடுகிறது. பல சமயம் சரியாகவும் வருகிறது. எனக்கும் அது பயன்படுகிறது. ஆனால் பெயர் வந்த அந்த நொடியில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கவனித்திருக்கிறேன். போனைப் பைக்குள் போட்டுவிட்டு நடக்கிறீர்கள். மரத்தைப் பார்த்த நேரம் மொத்தம் அவ்வளவுதான்.

மழைக்காட்டுக்குள் அந்த வித்தையும் எளிதில் பலிக்காது. மேகமலைப் பக்கம் போயிருந்தால் தெரிந்திருக்கும். வெடிப்பலாவும் நாங்கும் ஓங்கி நிற்கிற இடத்தில் பூவும் காயும் முப்பது மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. உங்கள் கண்மட்டத்தில் கிடைப்பது பட்டையும் வேரடி முட்டும்தான். காலடியில் கிடப்பது யாருடையதென்று தெரியாத இலைக்குப்பை. அதனால்தான் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பாஸ்கலும் ரமேஷும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காட்டு மரங்களுக்கும் பெருங்கொடிகளுக்கும் 1987இல் ஓர் இனங்காண் கையேடு எழுதியபோது, பூவை நம்பியிராமல் இலையமைப்பு, பால், பட்டை ஆகியவற்றைக் கொண்டே அடையாளம் காண வழி செய்தார்கள். பட்டையைச் சிறிது கீறினால் என்ன நிறம், பால் வடிகிறதா, முகர்ந்தால் என்ன மணம்? இவற்றை எந்தச் செயலியும் உங்களுக்காகச் செய்துதராது. குறிப்பேடும் பென்சிலும் மூக்கும்தான் கருவிகள். சிங்கப்பூரில் வேலை பார்த்த கார்னர் என்ற ஆங்கிலேயத் தாவரவியலர் உச்சிக்கிளையின் பூவும் காயும் வேண்டுமென்று குரங்குகளைப் பழக்கி மரமேற்றினார். நம் அழகர்கோவில் குரங்குகளை நம்பி அப்படி எதிலும் இறங்கிவிடாதீர்கள். கையில் இருப்பதையும் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

காட்டில் வரைந்து அறிகிற இந்த வழியில் வெகுதூரம் போனவர் பிரான்சின் மான்பெல்லியேயைச் சேர்ந்த பிரான்சிஸ் ஆலே. 1938இல் பிறந்தவர். வெப்பமண்டல மழைக்காடுகளைத் தேடித் தேடிப் போய், மரங்களை முழு உருவத்தில் வரைவதையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். 1986 முதல், காற்றடைத்த பெரிய மிதவையை ஆகாயக் கப்பலால் தூக்கிவந்து காட்டின் கூரைமேல் விரித்து, அதில் அமர்ந்து ஆராயும் முயற்சியிலும் முன்னின்றார். புகைப்படத்தைவிடக் கைப்படத்தை நம்பியவர். காட்டில் எடுத்த புகைப்படத்தில் பின்னால் நிற்கும் நூறு மரங்களும் சேர்ந்தே விழும். வரைகிறவர் தமக்கு வேண்டிய ஒரு மரத்தை மட்டும் அந்த நெரிசலிலிருந்து பிரித்தெடுக்கலாம். ஆலே அப்படி வரைந்து வரைந்துதான் ஒன்றைக் கண்டுகொண்டார். மரங்கள் கண்டபடி கிளைவிடுவதில்லை. ஒவ்வோர் இனத்துக்கும் பிறவியிலேயே ஒரு கட்டுமானத் திட்டம் உண்டு. உலகில் உள்ள அத்தனை மரங்களும் இருபத்துச் சொச்சம் திட்டங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. ஓல்டெமன், டாம்லின்சன் இருவரோடும் சேர்ந்து 1978இல் அவர் வெளியிட்ட நூல் 23 திட்டங்களைப் பேசுகிறது.

இந்தத் திட்டங்களைக் காண நீங்கள் தொலைதூர மழைக்காடுகளுக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் தெருவிலேயே தொடங்கலாம். வீட்டு வாசலில் நிற்கிற நாட்டுவாதுமையைப் பாருங்கள். தண்டு விட்டுவிட்டு வளர்கிறது. ஒவ்வொரு வளர்ச்சிக்கும் ஒரு தட்டுக் கிளைகள் கிடையாக விரிகின்றன. கிளைக்குள் ஒவ்வொரு துண்டும் நுனியை மேலே தூக்கி நின்றுவிட, அதன் அடியிலிருந்து அடுத்த துண்டு கிளம்பி முன்னே போகிறது. இது ஓப்ரேவில் திட்டம். கோயில் நந்தவனத்துக் கள்ளிமந்தாரையில் கிளைநுனி பூவில் முடிகிறது. பூத்த நுனி அதற்குமேல் வளராது, கீழே இரண்டோ மூன்றோ கிளைகள் சமமாகப் பிரியும். அந்தக் கவட்டைகளை எண்ணினால் அந்தக் கிளை எத்தனை தடவை பூத்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். கல்லூரி வளாகத்து மயிற்கொன்றைக்கு நேரான நுனி என்பதே கிடையாது. எல்லாத் தண்டும் சாய்ந்தே வளர்ந்து, அடிப்பகுதி மட்டும் பிறகு நிமிர்ந்து அடிமரமாகிறது. பனைக்கும் தென்னைக்கும் ஒரே குருத்து. அது போனால் மரமே போயிற்று. தாளிப்பனைக்கும் ஒரே குருத்துதான், ஆனால் அந்தக் குருத்தே பூவாகிவிடுவதால் ஒருமுறை பூத்ததும் மரம் இறந்துவிடும். மாவுக்கு ஒரு திட்டம், இலவுக்கு இன்னொன்று. இத்தனையும் டவுன்ஹால் ரோட்டிலிருந்து ஒரு பேருந்துப் பயணத்துக்குள் கிடைக்கிற பாடம்.

ஆலேயும் ஓல்டெமனும் சொன்ன இன்னொரு விஷயம் நம் ஊருக்கென்றே சொன்னதுபோல் இருக்கும். காயப்பட்ட மரம் வெட்டுவாயிலிருந்து தன் திட்டத்தை முதலிலிருந்து மறுபடி கட்டுகிறதாம். மின்கம்பிக்காக ஆண்டுதோறும் கழிக்கப்படுகிற வேம்பைப் பாருங்கள். வெட்டிய இடத்தில் நிமிர்ந்து நிற்கிற ஒவ்வொரு குச்சியும் ஒரு குட்டி வேப்பமரம். ஒரே உடம்பில் இருபது மரங்கள். இதைப் புகைப்படம் எடுத்தால் வெறும் புதர். வரைந்தால்தான் எது தாய்மரத்தின் கிளை, எது வெட்டுக்குப் பின் வந்தது என்று பிரிக்க வேண்டிவரும். அந்த மரத்தின் வெட்டு வரலாறு உங்கள் தாளில் ஏறிவிடும்.

இப்போது நம் ஊரின் பழைய வழக்கு ஒன்றை உங்களிடம் தருகிறேன். மதுரை கடம்பவனம் என்கிறோம். மீனாட்சி கோயிலில் கடம்பின் அடிமரத்தைக் காத்து வைத்திருக்கிறோம். எந்தக் கடம்பு? உருண்டைப் பந்தாக ஆரஞ்சு நிறத்தில் தனித்துப் பூக்கிற வெள்ளைக் கடம்பா? அது ஈரக்காட்டு மரம். சிறு சிறு பந்துகளாகப் பூக்கிற, வறண்ட நிலத்துக் கண்மாய்க்கரையிலும் தாக்குப்பிடிக்கிற நீர்க்கடம்பா? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைந்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? பூ இல்லாத மாதத்தில் இரண்டையும் பிரித்துக் காட்டுவது எதிரெதிர் இலைக்காம்புகளுக்கு நடுவே இருக்கிற இலையடிச் செதில். வெள்ளைக் கடம்பில் அது கூர்முக்கோணமாக இருந்து சீக்கிரம் உதிரும். நீர்க்கடம்பில் இலைபோல அகன்று, முதுகில் விளிம்பு கட்டியிருக்கும். விரல்நகத்தளவு உறுப்பு. ஊரின் பேரைத் தாங்குகிற மரத்தைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம், அந்த நகத்தளவு உறுப்பை ஒருவரும் வரைந்து பார்ப்பதில்லை.

வரைவதால் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கிற ஆசிரிய நண்பர்களுக்கு அரிட்டாபட்டியை நினைவூட்டுகிறேன். மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.42 ஹெக்டேர் 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 சுனைகள், சுமார் 250 பறவையினங்கள் என்று அறிவிப்பில் கணக்கு இருந்தது. 2024 நவம்பரில் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தபோது மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. வென்றது மக்களின் போராட்டம், சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் கையில் ஒரு பட்டியல் இருந்தது. ஆண்டுக்கணக்கில் யாரோ வெயிலில் நடந்து, பார்த்ததை எழுதி வைத்ததால் வந்த பட்டியல். நம் சமவெளியில் இன்னும் எத்தனையோ கோவில்காடுகள் இருக்கின்றன. உசிலையும் வெப்பாலையும் குருந்தும் நிற்கிற அந்தக் காடுகளுக்கு நாளை ஒரு சாலையோ குவாரியோ வந்தால், என்ன மரம் இருந்தது என்று கேட்கிற அதிகாரியிடம் எதைக் காட்டுவீர்கள்?

மலைக்காட்டைப் பற்றி நமக்கென்ன என்றும் சொல்லிவிட முடியாது. வைகை பிறப்பது வருசநாட்டு மலையில். பழனி மலையின் தென்சரிவு ஓடைகளும் அதில்தான் வந்து சேர்கின்றன. சித்திரையில் அழகர் இறங்க ஆற்றில் தண்ணீர் வருமா என்று அணையின் மட்டத்தை ஊரே விசாரிக்கிறது. அந்த அணைக்கு மேலே எந்த மரங்கள் நின்று மழையைப் பிடித்து வைக்கின்றன என்று விசாரிக்க வேண்டியவர்கள் தாவரவியல் படித்த நீங்கள். உங்களை விட்டால் வேறு யார் விசாரிப்பார்கள்?

ஒரு கல்லூரியில் ஹெர்பேரியம் அலமாரியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். சாவி கிடைக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. உள்ளே தாள்கள் இருந்தன, தாளில் நூல் தையலும் இருந்தது, செடியைப் பூச்சி தின்றுவிட்டிருந்தது. பெயர்ச்சீட்டில் ஊர், தேதி, சேகரித்தவர் பெயர் எல்லாம் மணிமணியான கையெழுத்தில். யாரோ ஒரு மாணவர் எந்தக் கரட்டிலோ ஏறிக் கொண்டுவந்தது. அந்தச் செடியின் படம் ஒன்று அவர் கையால் வரைந்து பக்கத்தில் இருந்திருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். மரத்துக்கு இது இன்னும் பொருந்தும். 42 சென்டிமீட்டர் நீளத் தாளில் ஒரு ஆலமரத்தின் நுனிக்கொப்பைத்தான் ஒட்டலாம். அது நின்ற கோலத்தை ஒட்ட முடியாது.

ஆகவே என் வேண்டுகோள் இது. உங்களில் ஒவ்வொருவரும் உங்கள் ஊரில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். கண்மாய்க்கரை, கோவில்காடு, பேருந்து நிறுத்தம் எங்கே நின்றாலும் சரி. ஓர் ஆண்டு முழுவதும் அதைப் பருவத்துக்கொரு முறை வரையுங்கள்: இலையுதிர்ந்த கோலம், துளிர், பூ, காய். முதலில் தூரத்தில் உட்கார்ந்து முழு மரம். பிறகு கிட்டே போய்ப் பட்டை, கிளை பிரியும் இடம், இலை, பூவின் வெட்டு. படம் அழகாக வர வேண்டும் என்ற கவலை வேண்டாம். அளவும் கோணமும் சரியாக இருந்தால் போதும். தாளின் ஓரத்தில் தேதி, இடம், அந்த ஊரில் அந்த மரத்துக்கு வழங்குகிற பெயர், அந்தப் பெயரைச் சொன்ன பெரியவர் யார், கட்டை, இலை, காய் எதற்குப் பயன்படுகிறது என்பதையெல்லாம் தமிழில் எழுதுங்கள். லத்தீன் பெயர் பிறகு வரட்டும். ஆசிரியரிடமும் மேத்யூவின் புத்தகத்திடமும் கேட்டு எழுதிக்கொள்ளலாம். ஓவியக் கை உள்ளவர்கள் உங்கள் வகுப்பில் கட்டாயம் இருப்பார்கள். சுவர் விளம்பரமும் கோலமும் போடுகிற அந்தக் கையைக் காட்டுக்கும் கூட்டிக்கொண்டு போங்கள். நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரங்களைப் பற்றி மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஃபைசன் எழுதிய நூலிலும் லேடி போர்ன் உள்ளிட்ட பெண்கள் வரைந்த படங்கள் உண்டு. அவர்கள் பட்டத்துக்காக வரையவில்லை.

ஆசிரியர்களே, உங்களிடம் கேட்பது இரண்டே விஷயம். இந்த மரப் படங்களை இன்டர்னல் மார்க்குக்குக் கணக்கில் எடுங்கள். பாடத்திட்டத்தில் இடமில்லை என்பீர்கள். வகைப்பாட்டியல் செய்முறைக்கு ஒதுக்கிய மணி நேரம் இருக்கிறது, களப்பயணம் என்று ஏட்டில் ஒரு வரியும் இருக்கிறது, அது போதும். படித்து முடித்துப் போகிற மாணவரின் தாள்களை எடைக்குப் போட்டுவிடாமல் துறையில் ஓர் அலமாரி ஒதுக்கி, ஊர்வாரியாக அடுக்குங்கள். மதுரைச் சமவெளியின் மரங்களுக்குத் தமிழில், படங்களோடு ஒரு புத்தகம் வேண்டும். அதை வெளியிலிருந்து ஒருவர் வந்து செய்துகொடுக்க மாட்டார். உங்கள் அலமாரியிலிருந்துதான் அது வந்தாக வேண்டும். முடிந்தால் ஒரு நாள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு செண்பகனூருக்குப் போய் வாருங்கள், ஏரியில் படகு விடுவதற்கு முன்பாக.

மாசியில் வேம்பு இலை உதிர்க்கும். கிளையமைப்பை முழுசாகப் பார்த்து வரைய அதைவிட நல்ல சமயம் ஆண்டில் இல்லை. அதற்குள் மரத்தைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.